கூச்சத்தோடே தொடங்கலாம்: எடை கூடிய உடம்போடு உடற்பயிற்சி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடமாக உடம்பை அசைக்காமல் இருந்துவிட்டு, 80, 100, 120 கிலோ எடையோடு இப்போது தொடங்க நினைப்பவர்களுக்காக இந்தப் பக்கம். "யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்" என்ற தயக்கம் போன பிறகுதான் தொடங்க வேண்டும் என்றில்லை. அந்தத் தயக்கத்தில் பாதி மனம் சார்ந்தது. மீதிப் பாதி சட்டை, செருப்பு, தொடை உரசல், நேரம், இடம் சார்ந்தது. அந்த இரண்டாவது பாதியை இந்த வாரமே சரிசெய்துவிடலாம்.

கொஞ்சம் இளைத்த பிறகு ஜிம்முக்குப் போகலாம் என்று தள்ளிப்போட்டு வருகிறேன். அது தவறா?

தவறு என்பதைவிட, நஷ்டம். சாப்பாட்டைக் குறைத்து மட்டும் இளைத்தால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரைகிறது. ஆறு மாதம் கழித்து எடை குறைந்திருக்கும். ஆனால் மாடிப்படி ஏறும் தொடையும் பை தூக்கும் முதுகும் இப்போது இருப்பதைவிடப் பலவீனமாக இருக்கும். தசையைக் காப்பாற்ற வேண்டியது இளைக்கும் காலத்தில்தான், இளைத்த பிறகு அல்ல.

இன்னொன்று, உடற்பயிற்சியின் பலன் எடை குறைவதற்காகக் காத்திருப்பதில்லை. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டு கவனித்தார்கள். நடை, உணவு மாற்றம் என்று வாழ்க்கை முறையை மாற்றிக்கொண்ட பிரிவினருக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுடைய எடையோ சொல்லும்படியாகக் குறையவில்லை. தராசு முள் நகராத மாதங்களில் மனம் உடைபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தொடங்கும் முன் டாக்டரைப் பார்க்க வேண்டுமா?

மெதுவான நடைக்கு எல்லோரும் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் பாருங்கள்: நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம் அல்லது வலி, படபடப்போடு தலைசுற்றல், மயக்கம் வந்த அனுபவம், இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை, சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை. ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கி வலித்தால் நடந்து சரிசெய்ய முயலாதீர்கள். ரத்தக்கட்டாக இருக்கலாம், அன்றே காட்டுங்கள்.

நடந்துகொண்டிருக்கும்போது நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் "வாயு" என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். உட்கார்ந்து 108க்கு அழையுங்கள்.

வெளியே நடந்தால் எல்லாரும் என்னையே பார்ப்பதுபோல் இருக்கிறது. என்ன செய்வது?

சிலர் பார்க்கத்தான் செய்வார்கள். அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் நாம் நினைக்கும் அளவுக்குப் பார்ப்பதில்லை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் சக ஆய்வாளர்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வு இது. போட்டுக்கொள்ளவே வெட்கப்படும் ஒரு பாடகரின் படம் போட்ட டி-ஷர்ட்டை மாணவர்களுக்கு அணிவித்து, மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அந்த மாணவர்கள் கணித்தார்கள். கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான்.

தெரிந்துகொண்டால் மட்டும் கூச்சம் போய்விடாது. படிப்படியாகப் பழக்க வேண்டும். உங்களுக்கு எது எளிது, எது கடினம் என்று வரிசை போடுங்கள். பலருக்கு அது இப்படி இருக்கும்: வீட்டுக்குள், மொட்டை மாடி, விடியற்காலைத் தெரு, துணையோடு பூங்கா, தனியாகப் பூங்கா, கூட்ட நேரத்துப் பூங்கா, ஜிம். ஒவ்வொரு படியிலும் சங்கடத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். 7, 8 என்று தொடங்குவது மூன்று நான்கு தடவைக்குப் பிறகு 3, 4க்கு இறங்கும். இறங்கியதும் அடுத்த படி.

இதில் ஒரு விஷயம் முக்கியம். சங்கடம் உச்சத்தில் இருக்கும்போது வீட்டுக்குத் திரும்பிவிட்டால், "தப்பித்தேன்" என்பதையே மனம் பாடமாக எடுத்துக்கொள்ளும். மறுநாள் கிளம்புவது இன்னும் கடினமாகும். ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாவது பத்து நிமிடம் அங்கேயே இருந்து, படபடப்பு கொஞ்சம் தணிந்த பிறகு கிளம்புங்கள். நடக்காமல் உட்கார்ந்திருந்த நாளும் கணக்கில் சேரும்.

நடைபாதை உள்ள பூங்காக்களில் எல்லோரும் ஒரே திசையில் சுற்றுவார்கள். அந்தத் திசையிலேயே நடங்கள். முன்னால் போகிறவர்களின் முதுகுதான் தெரியும், எதிரே வரும் முகங்கள் மிகக் குறைவு. எதிர்த் திசையில் நடந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அத்தனை பேரையும் நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். ஒரு தொப்பி, காதில் பாட்டு, கையில் தண்ணீர் பாட்டில் எல்லாம் உதவும். தெருவில் நடப்பவர்கள் ஒரு காதையாவது திறந்து வைத்துக்கொள்ளுங்கள், வண்டிக்கும் நாய்க்கும்.

எங்கே நடப்பது என்று தெரியாதவர்களுக்கு: 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பாதை ஒன்று குறிக்கப்பட்டது, சென்னையில் பெசன்ட் நகர்ப் பக்கம். எட்டையும் முடிக்க வேண்டும் என்றில்லை. அரை கிலோமீட்டர் போய்த் திரும்பலாம். நடக்கவென்றே வருபவர்கள் இருக்கும் இடத்தில் கூச்சம் சீக்கிரம் குறையும்.

முதல் நாள் எவ்வளவு நேரம்?

பத்து நிமிடம். "இன்னும் நடக்கலாம்போல் இருக்கிறதே" என்று தோன்றும்போதே நிறுத்த வேண்டும். முதல் நாள் உற்சாகத்தில் ஒரு மணி நேரம் நடந்து, அடுத்த நான்கு நாள் கால் பிடித்துக்கொண்டு, அத்தோடு விட்டவர்கள்தான் அதிகம்.

வாரத்துக்கு ஐந்து நாள், முதல் வாரம் 10 நிமிடம். அடுத்த ஒவ்வொரு வாரமும் இரண்டு மூன்று நிமிடம் கூட்டினால் எட்டு ஒன்பது வாரத்தில் 30 நிமிடம் வரும். வாரத்துக்கு 150 நிமிடம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் 2020இல் பெரியவர்களுக்குச் சொன்ன குறைந்தபட்ச அளவு. கூடவே வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சி. நேரத்தைக் கூட்டும் வாரத்தில் வேகத்தைக் கூட்டாதீர்கள். வேகத்தைக் கூட்டும் வாரத்தில் நேரத்தை அப்படியே விடுங்கள்.

பத்து நிமிடமே முடியவில்லையா? மூன்று நிமிடமாக ஒரு நாளைக்கு மூன்று வேளை. வரவேற்பறைக்கும் சமையலறைக்கும் இடையே நடந்தாலும் அது நடைதான்.

தினம் பத்தாயிரம் அடி என்ற எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றோடு பரவிய எண் அது. மருத்துவ அளவுகோலாகப் பிறந்ததல்ல. இப்போது 2,500 அடி நடப்பவருக்கு 3,500 நல்ல இலக்கு.

கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்குகிறது. இது சரியா?

பேசிப் பாருங்கள். முழு வாக்கியமாகப் பேச முடிந்து, பாட முடியாமல் இருந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு என்றால் வேகம் அதிகம், குறையுங்கள். பாட்டே பாடலாம் என்றால் கொஞ்சம் கூட்டலாம். நிமிடத்துக்கு 100 அடி என்பது மிதமான வேகத்துக்கு நல்ல கணக்கு: 15 விநாடியில் 25 அடி. அதிக எடையோடு நடப்பவரின் இதயம் அதே வேகத்துக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக உழைக்கிறது. பக்கத்தில் நடப்பவரின் வேகத்தை அதனால் பார்க்காதீர்கள். நின்றபின் ஐந்து நிமிடத்துக்குள் மூச்சு சீராக வேண்டும். சீராகவில்லை என்றாலோ படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றாலோ பரிசோதனை தேவை.

ஜிம் வேண்டாம், வீட்டுக்குள்ளேயே தசைப் பயிற்சி செய்ய என்ன வழி?

ஐந்து பயிற்சி போதும். வாரத்துக்கு இரண்டு நாள், இடையில் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி.

நாற்காலியில் உட்கார்ந்து எழுதல்: கை இல்லாத மர அல்லது இரும்பு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். கால் விரிந்து கவிழும். பாதங்களை முட்டிக்குச் சற்றே பின்னால் இழுத்து வைத்து, மூக்கு கால்விரலுக்கு மேலே வரும்வரை முன்னால் சாய்ந்து எழுங்கள். இறங்கும்போது மனத்துக்குள் மூன்று எண்ணுங்கள். எட்டு தடவை, ஓய்வு, மறுபடி எட்டு. தொப்பென்று விழுவதும், முட்டிகள் உள்ளே ஒன்றையொன்று நோக்கி வளைவதும்தான் வழக்கமான தவறுகள். எழவே முடியாதவர்கள் உட்காரும் இடத்தில் தடிமனாக மடித்த போர்வையைப் போட்டு உயரம் கூட்டுங்கள். ஒரு மாதத்தில் போர்வையை எடுத்துவிடலாம்.

சுவரைத் தள்ளுதல்: ஒரு கை தூரத்தில் நின்று, உள்ளங்கைகளை மார்பு உயரத்தில் வைத்து, முழங்கையை மடக்கி முகம் சுவர் அருகே வந்து திரும்புதல். பத்து, இரண்டு தடவை. தோள் உயரத்தில் கை வைத்தால் சிலருக்குத் தோள்பட்டை வலிக்கலாம். எளிதான பிறகு சமையல் மேடையைப் பிடித்துச் செய்யுங்கள், அது சாய்வைக் கூட்டும்.

பை இழுத்தல்: துணிப்பையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு, அதாவது இரண்டு கிலோ. ஒரு கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, பையை இடுப்பு வரை இழுத்து இறக்குங்கள். பக்கத்துக்குப் பத்து. முதுகு வளையக் கூடாது.

சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குதல் பன்னிரண்டு. கெட்டியான மெத்தையில் மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, இடுப்பைத் தூக்கி இறக்குதல் பத்து.

எல்லாவற்றிலும், சிரமமான பகுதியில் மூச்சை வெளியே விடுங்கள். மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென ஏறும். ஒரு பயிற்சியில் 15 தடவை சிரமமில்லாமல் வந்துவிட்டால் நாற்காலியின் உயரத்தைக் குறையுங்கள், பையில் ஒரு பாட்டில் கூட்டுங்கள். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ சதை வலிப்பது இயல்பு, மூன்று நாளில் அடங்கும். மூட்டுக்குள் குத்தும் வலி அப்படியல்ல; அந்தப் பயிற்சியை நிறுத்துங்கள்.

தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. அதனாலேயே யோகா வகுப்புக்குப் போக வெட்கமாக இருக்கிறது.

எழும் முறையை வீட்டில் பழகிவிட்டால் இந்த வெட்கம் பெருமளவு போய்விடும். நேராக எழ முயலாதீர்கள். ஒரு பக்கமாகத் திரும்பி, கைகளை ஊன்றி, முட்டிபோட்டு நாலு கால் நிலைக்கு வாருங்கள். எதிரே உறுதியான நாற்காலி. இரு கைகளையும் அதன் இருக்கையில் ஊன்றி, வலுவான காலின் பாதத்தை முன்னால் தரையில் வைத்து, அந்தப் பாதத்தை அழுத்தி எழுங்கள். முட்டிக்கடியில் தலையணை வைத்துக்கொள்ளலாம். முதல் சில தடவை வீட்டில் யாராவது பக்கத்தில் நிற்கட்டும். யோகா ஆசிரியரிடம் முன்கூட்டியே "எனக்கு நாற்காலி வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். நின்றும் நாற்காலியில் அமர்ந்தும் செய்யும் ஆசனங்கள் நிறையவே உண்டு. தெரியாது என்று சொல்லும் வகுப்பு உங்களுக்கானது அல்ல.

முழங்கால் வலி இருக்கிறது. நடந்தால் தேய்ந்துவிடாதா?

அளவோடு நடந்தால் தேயாது. மூட்டைச் சுற்றியுள்ள தசை வலுவானால் வலி குறையும். மூட்டுத் தேய்மானம் உள்ள, எடை கூடியவர்களிடம் செய்து 2005இல் வெளியான ஓர் ஆய்வில், குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் முழங்கால்மீது ஒவ்வோர் அடியிலும் விழும் சுமை சுமார் நான்கு கிலோ குறைந்திருந்தது. ஐந்து கிலோ குறைந்தால் அடிக்கு இருபது கிலோ.

அளவு எது என்பதற்கு எளிய விதி: பயிற்சியின்போது வலி பத்துக்கு மூன்றைத் தாண்டக் கூடாது, மறுநாள் இதே நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள். முற்றிலும் நிறுத்த வேண்டாம்.

ஆரம்பத்தில் தவிர்க்க வேண்டியவை: கயிறு தாண்டுதல், குதித்துச் செய்யும் பயிற்சிகள், மாடிப்படி இறங்குவதையே பயிற்சியாகச் செய்தல், சவாலுக்காக நூறு தோப்புக்கரணம், இணையத்தில் வரும் 30 நாள் சவால்கள். நிலையான சைக்கிள் நல்ல மாற்று. மிதி மிகக் கீழே இருக்கும்போது முட்டி லேசாக மட்டும் மடங்கியிருக்கும்படி இருக்கையை உயர்த்துங்கள். இருக்கை தாழ்ந்தால் முட்டிச்சில்லில் அழுத்தம் விழும். மூட்டு வீங்கினாலோ பூட்டிக்கொண்டதுபோல் நின்றுவிட்டாலோ எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

எந்த ஷூ? காலையில் எழுந்ததும் குதிகால் ஊன்ற முடியவில்லை.

மாலையில் வாங்குங்கள், அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். நின்றபடி போட்டுப் பார்க்கும்போது நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். பின்பக்கக் குதிகால் கப் கையால் அழுத்தினால் மடங்காமல் நிற்க வேண்டும். விரல் பகுதி அகலமாக இருக்கட்டும். விலை உயர்ந்ததுதான் வேண்டும் என்றில்லை. அடி நுரை 500 முதல் 800 கிலோமீட்டரில் செத்துவிடும். எடை அதிகமானவர்களுக்குச் சீக்கிரமே. தினம் இரண்டரை கிலோமீட்டர் நடந்தால் ஆறேழு மாதம். மேலே புதிதாகத் தெரிந்தாலும் அடியில் ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள்.

எழுந்ததும் வைக்கும் முதல் சில அடிகளில் குத்தும் வலி பெரும்பாலும் உள்ளங்காலின் நார்ச்சவ்வு இழுபடுவதால் வருவது. வீட்டில் டைல்ஸ், கிரானைட் தரையில் வெறுங்காலோடு நடப்பதை நிறுத்தி மெத்தென்ற செருப்பு போடுங்கள். சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையில் அழுந்த ஆடுசதையை 30 விநாடி இழுங்கள், காலுக்கு மூன்று தடவை, தினம் இரண்டு வேளை. ஃப்ரீசரில் உறைந்த தண்ணீர் பாட்டிலை உள்ளங்காலில் ஐந்து நிமிடம் உருட்டலாம். குணமாக வாரங்கள் ஆகும். நடையைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம்.

தொடை உரசிப் புண்ணாகிறது. இதை யாரிடமும் கேட்க முடியவில்லை.

கேட்காமலேயே பலர் நடையை நிறுத்திவிடும் காரணம் இதுதான், தீர்வோ எளிது. கிளம்பும் முன் இரு தொடையின் உட்பக்கம், அக்குள், மார்புக்குக் கீழே மெல்லியதாக வாசலின் தடவுங்கள். உள்ளே முட்டிக்குச் சற்று மேல்வரை வரும் சைக்கிளிங் ஷார்ட்ஸ். சேலைக்குள்ளும் சுடிதாருக்குள்ளும் வேட்டிக்குள்ளும் போடலாம். தனிப் பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே நின்று உரசும்; லைக்ரா கலந்த துணி மேல். வந்ததும் குளித்து, மடிப்புகளை ஒற்றித் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு உடுத்துங்கள்.

வட்டமாக, விளிம்பு தடித்து, அரித்தால் அது படர்தாமரை. மருந்துக்கடையில் "அரிப்புக்கு ஒரு க்ரீம்" என்று கேட்டு வாங்குவதில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டு நாள் அடங்கி, பிறகு முன்னைவிட அகலமாகப் பரவும். தோல் மருத்துவரிடம் காட்டி, சொன்ன நாள் முழுவதும் மருந்து போடுங்கள்.

பெண்களுக்குத் தனியாக ஏதாவது?

உடை முதலில். சாதாரண பிரா போட்டு வேகமாக நடந்தால் அசைவே கூச்சத்தையும் முதுகு வலியையும் தரும். ஸ்போர்ட்ஸ் பிரா வாங்கும்போது மார்புக்குக் கீழ்ப் பட்டைதான் தாங்க வேண்டும், தோள்பட்டை அல்ல; பட்டைக்குள் இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும். போட்டுக்கொண்டு நின்ற இடத்தில் குதித்துப் பாருங்கள். மேலே தொடை வரை வரும் தளர்வான குர்தா போதும். இறுக்கமான ஜிம் உடை கட்டாயம் இல்லை. சேலையில் நடப்பவர்கள் கணுக்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டி ஷூ போடலாம். ஆனால் சேலையோ துப்பட்டாவோ அணிந்து ட்ரெட்மில், சைக்கிள் வேண்டாம், சிக்கினால் ஆபத்து.

தும்மினாலோ வேகமாக நடந்தாலோ சிறுநீர் கசிவது பிரசவித்தவர்களிடம் சாதாரணம், ஆனால் சகித்துக்கொள்ள வேண்டியது அல்ல. சிறுநீரையும் வாயுவையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல் தசையை இறுக்கி ஐந்து விநாடி பிடித்து, ஐந்து விநாடி விடுங்கள். பத்து தடவை, நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதம். வயிற்றையோ தொடையையோ இறுக்கினால் தவறான தசை வேலை செய்கிறது என்று பொருள். அதுவரை மெல்லிய பேட் வைத்துக்கொண்டு நடங்கள். குறையவில்லை என்றால் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர்கள் தினமும் கேட்கும் விஷயம்தான்.

மாதவிடாய் நாட்களில் முடிந்தால் நடக்கலாம், முடியாவிட்டால் ஓய்வு. இரண்டிலும் கெடுதல் இல்லை.

ஜிம்மில் முதல் நாளை எப்படிச் சமாளிப்பது?

சேரும் முன் ஒரு தடவை போய்ப் பாருங்கள். காலை 6–8, மாலை 6–9 கூட்டம். காலை 10 முதல் மாலை 4 வரை பெரும்பாலும் காலி. பெண்களுக்குத் தனி நேரம் இருக்கிறதா என்று கேளுங்கள். ட்ரெட்மில், சைக்கிளின் சட்டத்தில் எத்தனை கிலோ வரை தாங்கும் என்று எழுதியிருக்கும். வீட்டு உபயோக ட்ரெட்மில்கள் பல 100–120 கிலோவோடு நின்றுவிடும். இதைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம், பாதுகாப்பு சம்பந்தப்பட்டது.

பயிற்சியாளரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டியவை: "எடையை எல்லார் முன்னாலும் பார்க்க வேண்டாம். ‘முன்–பின்’ போட்டோ வேண்டாம். முதல் மாதம் குதிக்கிற பயிற்சி வேண்டாம். வலிக்கிறது என்றால் நிறுத்துவேன்." இதற்குச் சம்மதிக்காதவர், உடம்பைக் கிண்டல் செய்து ஊக்கப்படுத்துவதாக நினைப்பவர், முதல் நாளே புரோட்டீன் டப்பா விற்பவர் ஆகியோரிடம் முழு ஆண்டுக் கட்டணத்தைக் கட்டாதீர்கள். முதலில் ஒரு மாதம் மட்டும்.

முதல் நாளுக்கு இது போதும்: ட்ரெட்மில்லில் பத்து நிமிடம், உட்கார்ந்து தள்ளும் கருவி ஒன்று, இழுக்கும் கருவி ஒன்று, கால் அழுத்தும் கருவி ஒன்று, தலா பன்னிரண்டு தடவை. பட்டை ஓடும் முன் இரு ஓரத்திலும் காலை வைத்து நின்று, அவசர நிறுத்தக் கிளிப்பைச் சட்டையில் மாட்டி, மணிக்கு 2 கிலோமீட்டரில் ஓடவிட்டுக் காலை வையுங்கள். கைப்பிடியைத் தொங்கியபடி பிடித்து நடந்தால் பலன் குறையும், முதுகும் வலிக்கும். வேகத்தைக் குறைத்துக் கையை விடுவதே சரி.

சொந்தக்காரர்கள் பேச்சுதான் தாங்க முடியவில்லை.

தெருவில் போகிறவர் பார்வையைவிட இதுதான் அதிகம் வலிக்கும். வாதாடினால் பேச்சு நீளும். ஒரே பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் அதையே சொல்லுங்கள். "இவ்ளோ நாள் நடந்தும் அப்படியேதானே இருக்கே?" என்றால், "நல்லா தூக்கம் வருது சித்தி, அதுக்காக நடக்கிறேன்." "இந்த உடம்ப வச்சிக்கிட்டு ஜிம்மா?" என்றால், "இந்த உடம்புக்குத்தானே வேணும் மாமா." எத்தனை கிலோ குறைந்தது என்று கேட்டால், "அதை டாக்டர்கிட்ட மட்டும்தான் சொல்றேன்." ஒரே வீட்டில் இருப்பவரிடம் தனியாக உட்கார்ந்து சொல்ல வேண்டும்: என் தட்டைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் மற்றவர் முன்னால் பேசாதீர்கள், உதவ வேண்டுமென்றால் காலையில் அரை மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூச்சம் நடையோடு நிற்காமல் கல்யாணம், வேலை, கடை என்று எதற்கும் வெளியே போகவிடாமல் செய்தாலோ, யாருக்கும் தெரியாமல் அளவின்றிச் சாப்பிட்டுப் பிறகு அழும் நிலை இருந்தாலோ மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். இதற்குச் சிகிச்சை உண்டு.

ஒரு மாதமாக நடக்கிறேன், எடை குறையவே இல்லை.

90 கிலோ உள்ளவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் நடந்தால், சும்மா உட்கார்ந்திருப்பதைவிடக் கூடுதலாகச் செலவாவது சுமார் 110 கலோரி. திரும்பும் வழியில் ஒரு மெதுவடையும் பால் காப்பியும் அதை ஈடுகட்டிவிடும். எடை குறைவது பெரும்பாலும் சாப்பாட்டில். குறைந்த எடை திரும்ப ஏறாமல் தடுப்பதிலும் தசை, தூக்கம், சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவற்றிலும்தான் பயிற்சியின் பெரிய பங்கு. தவிர, புதிதாக உழைக்கும் தசை நீரைப் பிடித்து வைப்பதால் முதல் இரண்டு மூன்று வாரம் முள் சற்று ஏறவும் செய்யலாம்.

தராசைவிட நல்ல அளவுகள் இருக்கின்றன. 30 விநாடியில் கையை ஊன்றாமல் எத்தனை தடவை நாற்காலியிலிருந்து எழுகிறீர்கள்; இரண்டு மாடி ஏறினால் எத்தனை முறை நிற்கிறீர்கள்; இடுப்புச் சுற்றளவு எவ்வளவு. இந்தியர்களுக்கு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனம் தேவை. மாதம் ஒரு முறை குறித்து வையுங்கள். எடை பார்ப்பதென்றால் வாரம் ஒரு முறை, காலையில் கழிப்பறை போய்வந்த பிறகு. வாரத்துக்கு அரை முதல் ஒரு கிலோ குறைந்தாலே அதிகம். மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இறங்கத் தொடங்கும்.

தொப்பை மட்டும் குறைய என்ன பயிற்சி?

அப்படி ஒன்று இல்லை. வயிற்றுப் பயிற்சி வயிற்றுத் தசையை வலுவாக்கும், மேலிருக்கும் கொழுப்பைத் தனியாகக் கரைக்காது. வியர்க்க வைக்கும் பெல்ட் குறைப்பது நீரை மட்டும். ஒரு செம்பு தண்ணீர் குடித்தால் திரும்பிவிடும்.

தசை கரையாமல் இருக்க என்ன சாப்பிடுவது?

புரதம். 90 கிலோ உள்ளவர் எடை குறைக்கும் காலத்தில் நாளுக்கு 80–90 கிராம் வரை எடுப்பது நல்லது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவு மட்டும். இட்லி, தோசை, சாதத்தில் மட்டும் இது வராது. இரண்டு முட்டையில் 12 கிராம், நூறு கிராம் மீன் அல்லது கோழியில் சுமார் 20, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12, 30 கிராம் உலர்ந்த சோயா உருண்டையில் 15, 50 கிராம் பனீரில் 9, ஒரு டம்ளர் பாலில் 6. மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். சாதத்தைப் பாதியாக்கி அந்த இடத்தில் சுண்டலும் கூட்டும் பொரியலும் வந்தால் பசியும் அடங்கும்.

பசியைக் குறைத்து எடையை இறக்கும் செமாக்ளுடைடு, டிர்செபடைடு போன்ற ஊசி போடுபவர்களுக்கு இது இன்னும் அவசியம். பசி இல்லாததால் புரதமும் குறையும்; இறங்கும் எடையில் கணிசமான பங்கு தசையாக இருக்கலாம். வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சியை விடாதீர்கள்.

சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறேன். வெறும் வயிற்றில் நடக்கலாமா?

மெட்ஃபார்மின் மட்டும் என்றால் தாழ்சர்க்கரை (ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவது) வரும் வாய்ப்பு மிகக் குறைவு. கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் நடக்கும் முன் ரத்தச் சர்க்கரையைப் பரிசோதியுங்கள். 90க்குக் கீழே இருந்தால் 15 கிராம் மாவுச்சத்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். சட்டைப் பையில் எப்போதும் குளுக்கோஸ் அல்லது மூன்று தேக்கரண்டி சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். நடுக்கம், குளிர்ந்த வியர்வை, குழப்பம் வந்தால் உடனே உட்கார்ந்து அதைச் சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். தொடையில் இன்சுலின் போட்டு உடனே நடந்தால் மருந்து வேகமாக ஏறும். நடக்கும் நாளில் வயிற்றில் போடுவது நல்லது. 250க்கு மேல் இருந்து உடம்பும் சரியில்லை என்றால் அன்று பயிற்சி வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் போடும் முன் ஷூவுக்குள் கையை விட்டுக் கல் இருக்கிறதா என்று பார்த்து, வந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள்.

வெயில் காலத்தில்?

காலை 7க்குள், அல்லது மாலை வெயில் இறங்கிய பிறகு. கனத்த உடம்பில் சூடு வெளியேறத் தாமதமாகும். 20 நிமிடத்துக்கு ஒரு முறை 150–200 மி.லி. தண்ணீர், வந்ததும் உப்புப் போட்ட மோர், ரத்த அழுத்தம் இருந்தால் உப்பில்லாமல். தலைவலி, குமட்டல், திடீரெனத் தளர்ச்சி வந்தால் நிழலுக்குப் போய், ஈரத்துணியால் கழுத்தையும் அக்குளையும் துடையுங்கள். வியர்வையை மறைக்க ஜாக்கெட் போட்டு நடப்பது இந்த ஊர் வெயிலில் ஆபத்து. வியர்வைக் கறை தெரியாத அடர்ந்த நிறச் சட்டை போதும்.

பத்து நாள் விட்டுவிட்டேன். மறுபடி முதலிலிருந்தா?

இல்லை. ஒரு வாரம் விட்டிருந்தால் விட்ட இடத்துக்கு ஒரு வாரம் முந்தைய அளவிலிருந்து தொடருங்கள். இரண்டு மூன்று வாரம் என்றால் பாதி நேரம். காய்ச்சல் வந்து போனவர்கள் காய்ச்சல் விட்டபின் இரண்டு நாள் கழித்து, பத்து நிமிடத்திலிருந்து. டெங்கு, கொரோனா போன்றவை என்றால் மருத்துவரிடம் கேட்டபின். விட்ட நாட்களுக்கு ஈடாக ஒரே நாளில் ஒன்றரை மணி நேரம் நடக்காதீர்கள். குதிகால் வலியும் முட்டி வலியும் பெரும்பாலும் அந்த நாளில்தான் தொடங்கும். எதனால் விட்டது என்று மட்டும் பாருங்கள். மழை என்றால் வீட்டுக்குள் செய்யும் ஐந்து பயிற்சி. தொடைப் புண் என்றால் ஷார்ட்ஸும் வாசலினும். பூங்காவில் யாரோ ஏதோ சொன்னார்கள் என்றால் ஒரு படி இறங்கி ஒரு வாரம் மொட்டை மாடி, அதற்கடுத்த வாரம் துணைக்கு ஒருவரோடு அதே பூங்கா.